ஐந்தாவது இலக்கம்

அத்தியாயம் ஆறு

"அம்மணி, பதினேழு பேரைக் கேட்டாச்சு. தன் வீட்டு ரோட்டோட நம்பர் ஒருத்தருக்காவது தெரியணுமே. ம்ஹூம்," என்றபடி காருக்குள் வந்து விழுந்தான் ஃபீக்ரா டான்சி.

கில்ஃபெட்டர் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. தூறலில் வாசலில் நின்று ஒவ்வொருவராக வழிமறித்துக் கேட்டதில் அவனுக்கு மிஞ்சியது நனைந்த தோள்கள்தான்.

பக்கத்து இருக்கையில் டிம்ப்னா லாவெல் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினாள். "தபால்காரன் என்ன சொன்னான்?"

"'நம்பரா? மஞ்ச வீடு தாண்டி லெஃப்ட்'ங்கறான். பால் வண்டிக்காரர், 'போன வருஷம் டிராக்டர் கவுந்த வளைவு'ங்கறார். ஃபாதர் மட்டும் கொஞ்சம் யோசிச்சார். யோசிச்சுட்டு, 'நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம்தானே ஆச்சு'ன்னு நழுவிட்டார்."

"அவங்களக் குத்தம் சொல்லாதே. நானே இருபத்தாறு வருஷம் தபால் வேன் ஓட்டினவ. என்னைக் கேட்டாலும் மஞ்ச வீடுதான்."

தபால் வேனை விட்டிறங்கிய பிறகு, மீன் வறுவல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியவள் டிம்ப்னா. வயது அறுபதை நெருங்குகிறது. ஊரில் எந்த நாய் கடிக்கும், எந்த மனிதன் கடிப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. ஃபீக்ரா பதினோரு வருடம் சவ ஊர்தி ஓட்டியவன். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், பின்னால் இருந்தவர்கள் ஒருவர்கூடத் தன் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை என்பான். டிம்ப்னாவும் அதிகம் சிரிப்பதில்லை. ஆனால் டீ கொடுப்பாள்.

இன்றைய கட்சிக்காரி ஓர்லா மல்க்வீன். குன்றுச் சரிவில் பழைய டியர்னி வீட்டை வாங்கி, நாற்பத்தொரு ஆடுகளை வைத்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைப்பவள். அவள் வீட்டுக்குப் போக ஒரே வழி டியர்னி பாதை. நடுவில் புல் முளைத்த, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை. அதன் கீழ்முனையில் குடியிருக்கும் மாலகி ஹெரட்டி, எட்டு மாதத்துக்கு முன்பு குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். 'தனியார் பாதை' என்று பலகை வேறு. ஓர்லாவின் ஐந்து ஏக்கரை இரண்டு முறை விலைக்குக் கேட்டு இரண்டு முறையும் முடியாது என்ற பதிலையே வாங்கிக்கொண்டவர் அவர். சுற்றுலாக்காரர்களுக்கு மரக் குடில்கள் கட்ட அந்தச் சரிவின் மேல் அவருக்கு ஒரு கண்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடந்து போகுமளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தார். ஆள் போகலாம், லாரி போக முடியாது. லாரி வராவிட்டால் பாலாடைக்கட்டி சந்தைக்குப் போகாது. புதன்கிழமை கோர்ட்டில் வழக்கு. அந்தப் பாதைக்குக் மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்தின் எண் இருந்ததென்று காட்டிவிட்டால் அது பொது ரோடு. யாரும் கேட் போட முடியாது. அலுவலகத்தில் கேட்டால், ரோட்டுப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம், மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள்.

அவ்வளவு நாள் ஓர்லாவிடம் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு பாஸ்கோ ராஃப்டர் என்ற ஆட்டு வியாபாரி டிரெய்லரோடு வருகிறார்.

"புதன்கிழமை வரைக்கும் பொறுங்களேன்," என்று டிம்ப்னா நேற்றே சொல்லிப் பார்த்தாள்.

"புதன்கிழமை தோத்துட்டேன்னா அப்புறம் கசாப்புக்கடைக்காரன்தான் எடுப்பான். இவராவது வளர்க்கறதுக்கு வாங்கறார். இன்னைக்கு இல்லைன்னா வேற எடத்துல வாங்கிக்குவாராம்," என்றாள் ஓர்லா. பாதையின் வாயில் ஒரு சின்ன வெள்ளைத் தகடு, கறுப்பு எழுத்தோடு, போன கோடை வரை நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன எண் என்பதுதான் நினைவில்லை. ஒன்பது வருடம் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறாள்; ஒருநாளும் படித்ததில்லை.

"எந்த ஊர்லயும் திருடன் பொருளைத் திருடுவான். இவர் நம்பரைத் திருடிட்டார்," என்றான் ஃபீக்ரா, காரைக் கிளப்பிக்கொண்டே. "பறிகொடுத்தவங்களுக்கே என்ன போச்சுன்னு தெரியாத திருட்டு. நான் கெட்டவனா இருந்தா மாலகிக்கு மாலை போட்டிருப்பேன்."

*

ஜார்லத் கனீலி ரோட்டு கேங்கின் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்தது ஆற்றுக்கு அக்கரைப் பகுதி என்பதால் டியர்னி பாதையை அவருக்குத் தெரியாது. ஆனால் எண் எப்படிப் போடுவார்கள் என்பது தெரியும். ஃபீக்ராவின் முன்னால் ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சை வைத்துவிட்டு, மேசைமேல் ரொட்டிக் கத்தியால் கோடு கிழிப்பதுபோல் காட்டினார்.

"ரொம்ப சிம்பிளு. இது கொஞ்சம் பெரிய கிராமத்து ரோடு. நாலு இலக்கம். எல் 5218-னு வெச்சுக்க, எல்னா லோக்கல். இதுலேர்ந்து பிரியற குட்டி ரோட்டுக்கெல்லாம் தாய் நம்பர்தான். பின்னாடி ஒரு இலக்கம் கூட ஒட்டும். மொத குட்டி 52181. அடுத்தது 52182. தாய் ரோடு தொடங்கற எடத்துலேர்ந்து வரிசையா."

"எட்டாவது, ஒன்பதாவது புள்ளைக்கும் இடமிருக்கா?" என்றான் ஃபீக்ரா, வாய் நிறைய.

"நம்ம சனம்தானே போட்டது. பெரிய குடும்பத்துக்கு இடம் வெச்சுத்தான் போட்டிருப்பான்."

டிம்ப்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்படின்னா ஒரு போர்டு காணாமப் போனா, வரிசையில ஓட்டை விழும்."

"விழணும்," என்றார் ஜார்லத்.

அடுத்த அரைமணி நேரம் ஃபீக்ராவுக்குத் தலைகால் புரியாத உற்சாகம். மாலகியின் வீடு இருப்பது எல் 5218-இல்தான். கோவிலுக்குப் பக்கத்தில் 52181 நின்றது. பந்து ஆடும் பழைய சுவருக்கு எதிரே 52182. அதற்கடுத்து டியர்னி பாதை, போர்டு இல்லாமல். "அடுத்த போர்டுல நாலு இருந்தா கேஸ் முடிஞ்சுது, மதியச் சாப்பாடு உங்க செலவு," என்று சொல்லிக்கொண்டே வளைவில் திரும்பினான்.

அடுத்த போர்டில் 52183 என்று இருந்தது.

இறங்கிப் போய் தகட்டைத் தடவிப் பார்த்தான். பழைய தகடு, பாசி படிந்த திருகாணி, யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. அதற்கடுத்தது 52184. வரிசை அப்பழுக்கில்லாமல் இருந்தது. டியர்னி பாதைக்கு அதில் இடமே இல்லை.

"அப்ப மாலகி சொல்றது நெசமா?" என்றான் காருக்குள் வந்து. கிண்டல் எல்லாம் வற்றிவிட்டது. நாற்பத்தொரு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ஓர்லா டியர்னி பாதையில் இறங்கி வருவது கண்முன்னே ஓடியது.

டிம்ப்னா காரை மாலகியின் கேட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள். அவளும் சோர்ந்துதான் போயிருந்தாள்.

*

கேட்டருகே காரை நிறுத்தியதுமே மாலகி ஹெரட்டி வெளியே வந்தார். ட்வீட் கோட்டு, பளபளக்கும் ஷூ. ஊரின் வினாடி வினா நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பத்து வருடமாக அவர்தான் குவிஸ் மாஸ்டர். தப்பு என்று ஒன்று காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஈஸ்டர் பிரசங்கத்தில் ஃபாதர் ஒரு போப்பின் வருடத்தை மாற்றிச் சொன்னபோது, பூசையின் நடுவிலேயே எழுந்து திருத்தியவர்.

"வாங்க, வாங்க. நம்பர் வேட்டையாமே," என்றார் இனிமையாக. "கெடைச்சுதா?"

"எட்டு மாசமா பூட்டி வெச்சிருக்கீங்க. ஒருநாள் தொறந்து காட்டுனா நாங்க ஏன் வேட்டையாடறோம்?" என்றான் ஃபீக்ரா.

"ஏழு மாசம் இருபத்து ரெண்டு நாள்," என்றார் மாலகி. "நான் சொல்ல வேண்டியதெல்லாம் பிரமாணப் பத்திரத்துல இருக்கு, டான்சி. பாதை அந்தப் பொண்ணு வீட்டு முற்றத்தோட முடியுது. வேற யாருக்கும் பிரயோசனமில்ல. அதுக்கு எந்த நம்பரும் இருந்ததா எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். மூணு மணிக்கு ஹால்ல வினாடி வினா இருக்கு, கூரை ரிப்பேர் நிதிக்காக. கண்டிப்பா வாங்க. தோத்தவங்களுக்கும் கேக் உண்டு."

"அந்த ஆளோட புன்னகையை எங்க வாங்கியிருப்பார்?" என்றான் ஃபீக்ரா, சந்து வழியாகப் பாதையில் ஏறும்போது. "எங்க பழைய முதலாளிகிட்ட இருந்துச்சு ஒண்ணு. சவப்பெட்டி விலை சொல்றப்ப மட்டும் மாட்டிக்குவார்."

*

ஓர்லாவின் சமையலறையில் பின்கதவு வழியாக நுழைந்தார்கள். கிராமத்தில் யார் முன்கதவைப் பயன்படுத்துகிறார்கள்? ஓர்லா டீயும் சுடச்சுட சோடா ரொட்டியும் தன் பாலாடைக்கட்டியும் வைத்தாள். ஆடுகளுக்குக் கழுத்தில் கயிறு கட்டத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

சங்கடமான நேரத்தில் ஃபீக்ராவின் வாய் தானாக ஓடும். "ஒண்ணு சொல்லட்டுமா, ஓர்லா? இந்த வீட்டுல யாரும் செத்துத் தொலைச்சுடாதீங்க. சவ ஊர்திக்காரனுக்கு வேலை மெனக்கேடு. சவப்பெட்டி முன்வாசல் வழியாத்தான் போகணும். இங்க முன்வாசல் குன்றைப் பாத்து இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டு வீட்டையே ஒரு சுத்து சுத்தி வந்தாத்தான் பாதைக்கு வரலாம்."

டிம்ப்னாவின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு."

"செத்துத் தொலைச்சுடாதீங்க..."

"அது இல்லப்பா. முன்வாசல்."

எழுந்து போய், பயன்படுத்தாமல் இறுகிக் கிடந்த முன்கதவைத் தோள் கொடுத்துத் திறந்தாள். வாசற்படிக் கல் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. நூறு வருடத்துக் கால்கள் மிதித்த தேய்மானம். படிக்கு எதிரே குன்றுதான், மஞ்சள் பூத்த முட்புதர்தான்.

"ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு யாராவது வீடு கட்டுவாங்களா?" என்றாள் டிம்ப்னா. "இந்த வீட்டைக் கட்டினவனுக்கு ரோடு மேலேர்ந்துதான் வந்திருக்கு. ஃபீக்ரா, ஒரு பாதைக்கு எத்தனை முனை?"

"ரெண்டு."

"நாம வாலைப் பிடிச்சுக்கிட்டுத் தலைன்னு நெனச்சிருக்கோம். வா."

வீட்டுக்கு முன்னால் இருந்த புதரை விலக்கினால், இரண்டு பக்கமும் கல்சுவர். இடையில் ஒரு வண்டி தாராளமாகப் போகுமளவுக்கு இடைவெளி. தரை கெட்டியாக இருந்தது. முட்செடிகள் இடுப்பளவுக்கு இருந்தாலும் தண்டு மெலிந்தவை. ஃபீக்ராவின் ஒரே நல்ல கோட்டு இரண்டு இடத்தில் கிழிந்தது. கால்மணி நேரத்தில் குன்றின் முதுகைத் தாண்டி, மறுபக்கத்துச் சரிவில் இறங்கி, மூடிக் கிடக்கும் பழைய பால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தார் ரோட்டில் வந்து நின்றார்கள்.

"பால் நிலையம்," என்றாள் டிம்ப்னா. "இங்க பால் கொண்டு வரதுக்குத்தான் இந்தப் பாதையையே போட்டிருக்காங்க. நெலையத்தை மூடினப்புறம் மேல்பாதி புதர் மண்டிருச்சு. அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் கீழ்ப்பாதிதான் பாதை."

எதிரே போர்டு நின்றது: எல் 5230. ஃபீக்ரா ஒரு பக்கமாக ஓடினான். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்து இன்னொரு பக்கமாக ஓடினான். இரண்டாவது முறை வந்தபோது முகம் ஆப்பிளாகச் சிவந்திருந்தது.

"இந்தப் பக்கம் 52301-ம் 52302-ம். அந்தப் பக்கம் குவாரிக்குப் பிரியறது 52304. மூணு இல்ல, அம்மணி. மூணாவது குழந்தையைக் காணோம். நாம நிக்கறதுதான் 52303."

டிம்ப்னா தரையைக் காட்டினாள். முள்ளுக்கடியில், கணுக்கால் உயரத்தில் ஓர் இரும்புக் கம்பத்தின் அடிக்கட்டை. வெட்டுவாயில் அங்கங்கே இன்னும் வெள்ளை தெரிந்தது. துருகூட இன்னும் முழுசாக ஏறவில்லை.

"ரெண்டு முனையிலயும் போர்டு இருந்திருக்கு. ரெண்டையும் மாலகி அறுத்துட்டுப் போயிருக்கார்."

"அப்ப ஜெயிச்சாச்சு."

"எங்க ஜெயிச்சோம்? நீதிபதி முன்னாடி போயி, 'ஐயா, இங்க ஒரு போர்டு இல்லை, பாருங்க'ன்னு காட்டுவியா? கம்பத்தை யார் வேணா அறுத்திருக்கலாம். மூணாம் நம்பரே போடாம விட்டிருக்கலாம்னு அவர் வக்கீல் சொல்வார். இல்லாத ஒண்ணைக் கூண்டுல ஏத்த முடியாதுப்பா."

ஃபீக்ரா முள்ளைக் காலால் உதைத்தான். முள்தான் ஜெயித்தது. "மணி ரெண்டே முக்கால். அஞ்சு மணிக்கு டிரெய்லர். இப்ப நம்மகிட்ட இருக்கறது மாலகியோட கேக் மட்டும்தான்."

டிம்ப்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கேக்தான். ஓர்லாவையும் கூட்டிக்க."

*

ஹாலில் எண்பது பேர். மேஜைக்கு நான்கு பேராக உட்கார்ந்து பென்சில் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மேஜையில் போலீஸ் சார்ஜெண்ட் அசம்ப்டா டூஹி சீருடையில்லாமல், சாண்ட்விச்சும் கையுமாக. ஓரத்தில் டீ பாய்லரைப் பார்த்துக்கொண்டு மாலகியின் மனைவி கான்செப்டா. மேடையில் மைக்கும் மார்க் போடும் பெரிய கறுப்புப் பலகையுமாக மாலகி. கேள்வி கேட்கும்போது அவர் இரண்டு அங்குலம் உயரமாகத் தெரிந்தார்.

ஓர்லா கடைசி வரிசையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு சுற்று முடிந்தது. நான்கே கால்.

"அஞ்சாவது சுற்று, பூகோளம்," என்றார் மாலகி.

டிம்ப்னா எழுந்தாள். "மாஸ்டர், அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேடிக்கை. கூரை நிதிக்கு எங்க மேஜை சார்பா இருபது யூரோ. தன் வீட்டுக் குட்டி ரோட்டோட நம்பர் தெரிஞ்சவங்க கை தூக்குங்க. ஒரு பாயிண்ட்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையும் எழவில்லை.

"எனக்கு ஒண்ணு தெரியும்," என்றாள் டிம்ப்னா. "டியர்னி பாதை. எல் 52304."

ஃபீக்ரா திடுக்கிட்டான். நான்கு குவாரியாச்சே. இந்த அம்மாவுக்கு முள்ளு தலையில் ஏறிவிட்டதா? திருத்துவதற்கு வாயைத் திறந்தான். டிம்ப்னாவின் ஷூ குதிகால் அவன் கால்விரல்மேல் இறங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

மாலகியின் கண் சுருங்கியது. "அது கோர்ட்டுல இருக்கற விஷயம். அதைப் பத்தி நான் பேச மாட்டேன்."

"பேச வேணாம், மாஸ்டர். பாயிண்ட்டை மட்டும் போடுங்க. பதில் சரியாத்தானே இருக்கு."

"போடுங்க, மாலகி, கூரைக்குத்தானே," என்று யாரோ சொன்னார்கள். மார்க் எழுதும் பெண் சாக்பீஸோடு பலகையருகே போனாள். டிம்ப்னாவின் ஒன்பதாம் மேஜைக்கு எதிரே ஒரு கோடு இழுத்தாள்.

மாலகி அடுத்த கேள்வித்தாளை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார். பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பத்து வருடத்தில் ஒரு தப்பான விடைக்குக்கூட அந்தப் பலகையில் மார்க் விழுந்ததில்லை.

"அழிம்மா அதை," என்றார்.

"ஏன் மாஸ்டர்?"

"என் போர்டுல தப்பான விடைக்கு மார்க் கிடையாது. 52304 குவாரிக்குப் போறது. டியர்னி பாதை 52303."

ஆறாம் மேஜையில் சார்ஜெண்ட் அசம்ப்டா சாண்ட்விச்சை நிதானமாகத் தட்டில் வைத்தாள்.

"எந்த நம்பரும் இருந்ததாத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே, மாலகி," என்றாள் டிம்ப்னா மெதுவாக.

சொன்னது என்ன என்பது மாலகிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "இப்ப மனசுல கணக்குப் போட்டேன். ரெண்டு இருக்கு, நாலு இருக்கு, நடுவுல மூணு. இதுக்கு டிடெக்டிவ் வேணுமா?"

"ரெண்டும் நாலும் எந்த ரோட்டுல இருக்கு?"

"5230-ல."

"அது குன்றுக்கு அந்தப் பக்கம். உங்க பத்திரத்துல பாதை ஓர்லா முற்றத்தோட முடிஞ்சு போச்சு. முற்றத்தோட முடியற பாதை, அந்தப் பக்கத்து ரோட்டுக்கு எப்படிங்க மூணாவது குழந்தையாச்சு?"

மாலகி மைக்கை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றினார். பத்து வருடத்தில் அவர் பதில் சொல்லாத முதல் கேள்வி அதுதான்.

டீ பாய்லர் பக்கத்திலிருந்து கான்செப்டாவின் குரல் வந்தது. அவளுக்குக் கோர்ட்டு விவரமெல்லாம் தெரியாது. கணவனுக்கு ஒத்தாசை செய்வதாக நினைப்பு. "ஏங்க, நம்பர்ல சந்தேகம்னா வீட்டுக்குப் போயி பாத்துட்டு வரட்டுமா? அந்த ரெண்டு வெள்ளை போர்டும் கோழிக் கூண்டு மேலதானே கெடக்கு."

"கோழிக் கூண்டு இல்ல கான்செப்டா, வாத்துக் கூண்டு," என்றார் மாலகி, மைக்கில்.

ஹால் ஒரு கணம் திகைத்தது. பிறகு வெடித்துச் சிரித்ததில் கூரை நிதிக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டிருக்கும். ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார்ஜெண்ட் மட்டும் சிரிக்காமல் எழுந்து மேடைக்குப் போய், உள்ளங்கையை நீட்டினாள்.

"கேட் சாவி, மாலகி. வாத்துக் கூண்டைப் பாக்க நானும் வரேன்."

கோட்டுப் பையிலிருந்து சாவி வெளியே வந்தது. மாலகி அதை சார்ஜெண்டிடம் கொடுத்துவிட்டு, பலகைக்குப் போய் ஒன்பதாம் மேஜையின் கோட்டைத் தன் கையாலேயே அழித்தார். தோற்றாலும் தப்பு தப்புதான்.

*

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பொது ரோடு என்று தெரிந்த பிறகு போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? சார்ஜெண்டின் காருக்குப் பின்னால் தபால்காரன், அவனுக்குப் பின்னால் பால் வண்டிக்காரர், ஃபாதர், கேக் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஏழாம் மேஜைப் பெண்கள் என்று இருபத்து மூன்று கார்கள் கேட்டைத் தாண்டி வரிசையாக ஏறின. வழியில் ஒருவர் வண்டியை நிறுத்தி எதிர்ச் சுவரில் இருந்தவரோடு பேச ஆரம்பித்துவிட, டியர்னி பாதை தன் வாழ்நாளில் பார்த்திராத போக்குவரத்து நெரிசலைப் பார்த்தது.

ஃபீக்ராவின் காரில் இருந்த ஓர்லா முற்றத்தில் இறங்கியபோது, பாஸ்கோ ராஃப்டர் ஜீப்போடும் டிரெய்லரோடும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். கேட்டருகேதான் காத்திருந்தேன், சார்ஜெண்ட் திறந்ததுமே முதல் ஆளாக மேலே வந்துவிட்டேன் என்றார். டிரெய்லரின் பின்கதவு இறக்கப்பட்டு உள்ளே புது வைக்கோல் பரப்பியிருந்தது. கயிறு கட்டிய ஆடுகள் பட்டியில் வரிசையாகக் காத்திருந்தன.

ஓர்லா நேராகப் பட்டிக்குள் போனாள். முன்னால் நின்ற ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அடுத்ததை அவிழ்த்தாள். நான்காவது ஆட்டுக்குப் பிறகு அவளுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு அழுகை. சந்தோஷத்தில் வந்ததுதான், ஆனாலும் எட்டு மாதத்து அழுகை.

"மன்னிச்சுக்குங்க பாஸ்கோ. ஆடு விக்கறதுக்கு இல்ல," என்றாள்.

பாஸ்கோ தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஆடுகளையும் அவளையும் பார்த்தார். நல்ல மனிதர், வாக்குவாதம் பண்ணவில்லை. "அது சரிம்மா. நான் எப்படித் திரும்பிப் போறது? பின்னாடி ஊரே நிக்குது."

உண்மைதான். பாதையில் இருபத்து மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நின்றன. டிரெய்லரைத் திருப்ப ஓரடி இடமில்லை.

டிம்ப்னா குன்றைக் காட்டினாள். "இப்படியே நேரா போங்க. ரெண்டு சுவருக்கு நடுவுல. எல் 52303. பொது ரோடு."

"அங்க முள்ளுல்ல இருக்கு."

"தண்டு மெலிசுதான். என் கோட்டைக் கேளுங்க, சொல்லும்," என்றான் ஃபீக்ரா.

பாஸ்கோ முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். மஞ்சள் பூக்கள் இரண்டு பக்கமும் சாய, கிளைகள் கிறீச்சிட, ஜீப் முதல் கியரில் நகர்ந்தது. ஊர் சனம் மொத்தமும் கல்சுவர்மேல் ஏறி நின்று, இடது, வலது, பாறை, பார்த்து என்று ஆளாளுக்கு வழி சொன்னது. ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் காலி டிரெய்லர் குன்றின் முதுகில் ஏறியது. ஒரு தடவை குலுங்கியது. பிறகு பால் நிலையத்துப் பக்கமாக இறங்கி மறைந்துவிட்டது.

ஓர்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதி முப்பத்தேழு கயிறுகளை அவிழ்க்கப் போனாள்.